மீயொலிக் கனவும் வெட்டிய கிணறும்

1962ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் லண்டனில் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒலியைவிட விரைவாகப் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்றை இரு நாடுகளும் சேர்ந்து, செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டு உருவாக்குவது என்பது அதன் சாரம். இத்தகைய ஆவணங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒரு பிரிவு அதில் இல்லை. ஒரு தரப்பு விலகிக்கொள்ள விரும்பினால் என்ன செய்வது என்பது எங்கும் சொல்லப்படவில்லை. மறதியால் நேர்ந்த விடுபடல் என்று இதைக் கருதமுடியாது. பிரெஞ்சுக்காரர்கள் பாதி வழியில் கழன்றுகொள்வார்களோ என்ற ஐயத்தில் பிரிட்டிஷ் தரப்பே விரும்பிப் போட்ட பூட்டு அது. இரண்டே ஆண்டுகளில் அந்தப் பூட்டுக்குள் பிரிட்டனே அகப்பட்டுக்கொண்டது.

கான்கார்டு விமானத்தின் கதையை நான் எப்போதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். நான் பொறியியல் படித்தவனல்லன். கல்லூரியில் தமிழ் இலக்கியம் கற்பிப்பவன். ஆண்டுதோறும் சீவக சிந்தாமணி வகுப்பில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியைப் பற்றிப் பேச நேர்கிறது. அரசன் ஆணையிடுகிறான், தச்சன் செய்து தருகிறான், கருவுற்றிருக்கும் விசயை அதை இயக்கப் பழகுகிறாள். கடைசியில் அப்பொறி அவளைச் சுமந்துபோய் ஒரு சுடுகாட்டில் இறக்குகிறது. அதற்கு எவ்வளவு பொன் செலவாயிற்று என்று காப்பியத்தில் எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அங்கில்லை, கருவூலம் அரசனுடையது. ஆனால் நம் காலத்தில் கருவூலம் அனைவருடையது. அரசு ஒரு பறக்கும் பொறியைச் செய்ய முற்படும்போது யார் கணக்குக் கேட்பது, யார் போதும் என்று சொல்வது என்னும் வினாக்கள் அந்த வகுப்புகளின் வழியாகத்தான் எனக்குள் நுழைந்தன. அவற்றுக்கு விடை தேடிப் போனபோது கான்கார்டில் வந்து நின்றேன்.

உடன்படிக்கைக்குப் பின்னால் விமானத்தைவிடப் பெரிய அரசியல் ஒன்று இருந்தது. அப்போதைய பிரதமர் ஹெரால்டு மேக்மில்லன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டனைச் சேர்த்துவிட முயன்றுகொண்டிருந்தார். அதற்குப் பிரெஞ்சு அதிபர் டி காலின் இசைவு வேண்டும். சேர்ந்து ஒரு விமானம் செய்வது நல்லெண்ணத்தின் அடையாளமாக அமையும் என்ற நம்பிக்கை இருந்தது. கையெழுத்தாகி ஏழு வாரங்கள்கூட நிறைவடையவில்லை. 1963 ஜனவரி 14 அன்று டி கால் பிரிட்டனின் நுழைவை மறுத்துவிட்டார். சீர் கொடுத்தாயிற்று, சம்பந்தம் நின்றுபோயிற்று. விமானம் மட்டும் எஞ்சியது.

1964 அக்டோபரில் ஹெரால்டு வில்சன் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. கருவூலம் மோசமான நிலையில் இருந்தது. புதிய அரசு முதலில் கைவைக்க நினைத்த செலவுகளுள் கான்கார்டும் ஒன்று. அப்போதுதான் சட்ட ஆலோசகர்கள் அந்த இல்லாத பிரிவைச் சுட்டிக்காட்டினர். விலகினால் பிரான்ஸ் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம், பெருந்தொகை இழப்பீடாகக் கொடுக்க நேரலாம், விமானமும் கிடைக்காது. 1965 ஜனவரியில் பிரிட்டன் தொடர்வதாக அறிவித்தது. தொடக்கத்தில் 15 முதல் 17 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட ஆக்கச் செலவு இறுதியில் நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. இவ்வளவு போட்டபின் நிறுத்துவதா என்ற விடை ஒவ்வொரு முறையும் அதை அடக்கியது.

இவ்விடத்தில் என் தந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மேட்டுக்காட்டில் கிணறு வெட்டத் தொடங்கினார். முப்பதடியில் பாறை வந்தது. வெடி வைத்து உடைத்தார்கள். ஐம்பதடியில் மண் சற்று ஈரமாக வந்தது. அந்த ஈரம் எங்கள் குடும்பத்தை மேலும் ஐந்தாண்டு இழுத்துச் சென்றது. அம்மாவின் வளையல்கள் போயின, பிறகு ஒரு சோடி மாடு போயிற்று. சித்தப்பா ஒருநாள் திண்ணையில் அமர்ந்து, "அண்ணே, போதும். இதோட விட்டுருவோம்" என்றார். அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விட்டா இதுவரைக்கும் போட்டது வீணாப் போயிருமேடா" என்றார். எழுபத்தைந்தடி வரை போனார்கள். ஒரு போகத்துக்குக்கூடப் போதாத ஊற்றுத்தான் வாய்த்தது. அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. கோடையில் எட்டிப் பார்த்தால் வெட்டிய பாறையின் வரிகள் அடிவரை தெரியும்.

அப்பா சொன்ன அந்த வாக்கியத்துக்கு ஆங்கில உலகில் ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்தேன். கான்கார்டுப் பிழை என்பது அதன் பெயர். போட்ட முதல் திரும்பி வராது. அதை மறந்துவிட்டு, இனிப் போடப்போவதற்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கவேண்டும் என்பது பொருளியலாரின் பாடம். இதை மறந்து, போட்டதற்காகவே மேலும் போடுவது பிழை. உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸ், விலங்குகள் தம் குட்டிகளுக்காகப் படும் பாட்டைப் பற்றி 1976ஆம் ஆண்டு எழுதும்போது இப்பிழையைக் கான்கார்டோடு இணைத்துப் பேசினார். அந்த ஆண்டில்தான் கான்கார்டு பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கியது என்பது ஒரு விந்தை.

இதற்கொரு தொடர்ச்சியும் உண்டு. மண்ணில் வளை தோண்டி, அதனுள் வெட்டுக்கிளி இனப் பூச்சிகளைக் கொண்டுவந்து சேர்த்து, முட்டையிடும் குளவி வகை ஒன்று இருக்கிறது. சில வேளைகளில் ஒரே வளைக்கு இரண்டு குளவிகள் உரிமை கொண்டாடும். டாக்கின்ஸும் ஜேன் பிராக்மனும் அவற்றின் சண்டையை ஆராய்ந்து 1980ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். வளைக்குள் மொத்தம் எத்தனைப் பூச்சிகள் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துக் குளவி சண்டையிடவில்லை. தான் எத்தனை கொண்டுவந்தோம் என்பதைப் பொறுத்தே அது சண்டையிட்டது. பார்வைக்குக் கான்கார்டுப் பிழைதான். ஆனால் குளவியால் வளைக்குள் இருப்பதைக் கணக்கிட இயலாது, தன் உழைப்பு ஒன்றையே அது அறியும் என்று கொண்டால், அந்த எல்லைக்குள் அது செய்வது அறிவின்மை ஆகாது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்பாவும் அந்தக் குளவியைப் போன்றவரே. பாறைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்க்கும் கருவி அவரிடம் இல்லை. தாம் இறக்கிய வியர்வையின் அளவு மட்டும் அவருக்குத் தெரியும். அதை வைத்து அவர் முடிவெடுத்தார். இழந்ததும் அவருடையதே. அரசு அப்படிப்பட்டதன்று. அதனிடம் கணக்கர்கள் உண்டு, ஆண்டறிக்கைகள் உண்டு, எதிர்க்கட்சி உண்டு, வளைக்குள் இருப்பதை எண்ணிப் பார்க்கும் கண்கள் ஆயிரம் உண்டு. அது இறக்குவதோ பிறர் வியர்வை. ஆகவே ஒரு சம்சாரி செய்தால் பரிதாபத்துக்குரியதாகும் பிழை, அரசு செய்யும்போது வேறொன்றாகிவிடுகிறது.

பிற நாடுகள் இதே கிணற்றை எப்படி வெட்டின என்று பார்ப்பது பயனுள்ளது. அமெரிக்க அதிபர் கென்னடி 1963 ஜூன் 5 அன்று தம் நாடும் மீயொலிப் பயணிகள் விமானம் செய்யும் என்று அறிவித்தார். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்பதாகத் திட்டம். போயிங் நிறுவனத்தின் வடிவம் தேர்வாயிற்று. அதற்கிடையே, ஒலியைக் கடந்து பறக்கும் விமானம் தரையில் எழுப்பும் அதிர்முழக்கத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்களா என்று அறிய 1964 பிப்ரவரி முதல் ஜூலை வரை ஓக்லஹோமா நகரின் மேல் போர்விமானங்களைப் பறக்கவிட்டார்கள். ஆறு மாதங்களில் 1,253 முழக்கங்கள். சன்னல்கள் உடைந்தன, புகார்கள் குவிந்தன. ஏறத்தாழ நான்கில் ஒருவர் இதனோடு வாழ இயலாது என்றனர். நான்கில் மூவர் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் மக்கள்தொகையில் நான்கிலொரு பங்கு என்பது சிறு எண்ணிக்கையன்று.

1971 மார்ச்சில் கேள்வி நாடாளுமன்றத்துக்கு வந்தது. 18ஆம் நாள் கீழவையும் 24ஆம் நாள் செனட்டும் பணம் தர மறுத்தன. செனட்டில் வாக்குகள் 51க்கு 46. வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது எளிய கேள்வி: வணிகமாக இலாபம் தரும் பொருள் என்றால் வணிகர்கள் ஏன் தங்கள் பணத்தைப் போடவில்லை? சுமார் நூறு கோடி டாலர் செலவழித்தபின் அமெரிக்கா ஒரு விமானத்தைக்கூட முடிக்காமல் நிறுத்தியது. அதன் வலியும் சிறிதன்று. ஏற்கெனவே ஆட்குறைப்பில் இருந்த சியாட்டில் நகரில் மேலும் பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர். ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளும் விளம்பரப் பலகை ஒன்று அங்கே வைக்கப்பட்டது. நிறுத்துவது என்பது தாளில் போடும் கோடு மட்டுமாக இருப்பதில்லை.

சோவியத் ஒன்றியத்தில் எவரும் வாக்கெடுக்கவில்லை. முந்தவேண்டும் என்பது ஆணை. முந்தியும் காட்டினார்கள். டுபோலெவ் 144 விமானம் 1968 டிசம்பர் 31 அன்று, ஆண்டு முடியச் சில மணி நேரமே இருக்கையில், முதன்முதலாக எழும்பியது. கான்கார்டு 1969 மார்ச் 2 அன்றுதான் துலூஸ் நகரில் பறந்தது. 1973 ஜூன் 3 அன்று பாரிஸ் விமானக் கண்காட்சியில் டுபோலெவ் உடைந்து வீழ்ந்தது. உள்ளிருந்த ஆறு பேரோடு குசன்வில் என்ற ஊரில் வீடுகளில் இருந்த எட்டுப் பேரும் இறந்தனர். 1977 நவம்பரில் மாஸ்கோவுக்கும் அல்மா ஆட்டாவுக்கும் இடையே பயணிகளை ஏற்றத் தொடங்கி, 55 பயணங்களோடு 1978 ஜூனில் ஓசையின்றி நிறுத்தினார்கள். தொடங்கியபோது மக்களைக் கேட்கவில்லை. நிறுத்தியபோதும் அவர்களுக்குக் கணக்குச் சொல்லவில்லை.

ஆக, ஒரே கனவுக்கு மூன்று முடிவுகள். ஓரிடத்தில் வாக்கு நிறுத்தியது. ஓரிடத்தில் ஆணை நிறுத்தியது. மூன்றாவது இடத்தில் நிறுத்த வழியில்லாததால் விமானம் பறந்தது. நாம் வியந்து பார்த்த கான்கார்டு, ஒரு ஜனநாயகம் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டதால் பிறந்த குழந்தை.

இப்படி எழுதும்போது என்னுள் ஒருவன் மறுக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் வாழும் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். கோடை விடுமுறை. ஹைடல்பர்க்கிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஜின்ஸ்ஹைம் நகரின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார்கள். அதன் கூரைமேல் கான்கார்டும் டுபோலெவும் அருகருகே, மேலெழும் கோணத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இரண்டினுள்ளும் ஏறிப் பார்க்கலாம். டுபோலெவ் உருவில் பெரியது, சற்று முரடு. கான்கார்டின் உள்ளே நுழைந்ததும் அதன் சிறுமை வியப்பூட்டியது. பக்கத்துக்கு இரண்டாக இருக்கைகள், நடுவே ஒடுங்கிய வழி, உள்ளங்கை அளவே உள்ள சன்னல்கள். இறக்கையை வெளியிலிருந்து பார்த்தபோது ஒரு நேர்க்கோடுகூடக் கண்ணில் படவில்லை. எந்தச் சிற்பியும் பொறாமைப்படுவான்.

பத்து வயது மருமகன் என் கையைப் பிடித்து, "மாமா, இவ்வளவு வேகமாப் போகும்னா இப்ப ஏன் பறக்கறதில்லை?" என்று கேட்டான். அறிவியல் முன்னோக்கி மட்டும் செல்லும் என்று பள்ளியில் படித்தவன். தாத்தா காலத்தில் மூன்றரை மணி நேரத்தில் கடந்த கடலை இப்போது ஏழு மணி நேரத்தில் கடக்கிறோம் என்பது அவனுக்குப் புரியவில்லை. விலை அதிகம், சத்தம் அதிகம், எண்ணெய் அதிகம் என்று ஏதோ சொன்னேன். "அப்ப ஏன் செஞ்சாங்க?" என்றான். தங்கை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏன் செய்தார்கள் என்பதற்கு அழகான விடைகளும் இருக்கின்றன. 1973 ஜூன் 30 அன்று ஆப்பிரிக்காவின் மேல் ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. தரையில் நின்றவர்களுக்கு அது ஏழு நிமிடங்கள் நீடித்தது. கான்கார்டின் முதல் மாதிரி விமானம் அறிவியலாளர்களை ஏற்றிக்கொண்டு, நிலவின் நிழலோடு சேர்ந்து ஓடி, 74 நிமிடங்கள் அந்த இருளுக்குள்ளேயே இருந்தது. மனிதன் நிழலுக்கு ஈடுகொடுத்து ஓடிய அந்த ஒரு மணி நேரத்தை எந்த வரவுசெலவுக் கணக்கில் எழுதுவது? பறக்கும்போது உராய்வின் வெப்பத்தால் விமானம் 20 சென்டிமீட்டருக்குமேல் நீளும், குளிர்ந்ததும் சுருங்கும். பதினெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் வானம் கருநீலமாகும், பூமியின் வளைவு தெரியும். இவற்றைச் சாத்தியமாக்கியவர்கள் பிரிஸ்டல், துலூஸ் நகரங்களின் தொழிலாளர்கள். மொழியாலும் அளவுமுறையாலும் வேறுபட்ட இரு தேசத்தார் சேர்ந்து விமானம் செய்யமுடியும் என்று கான்கார்டு காட்டியது. பின்னர் துலூஸை மையமாகக் கொண்டு வளர்ந்த ஏர்பஸ்ஸுக்கு அந்தப் பழக்கம் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை.

பெயரில்கூட ஒரு சண்டை நடந்தது. பிரெஞ்சு எழுத்துமுறைப்படி இறுதியில் வரும் ஓர் எழுத்தை, டி கால் மீதிருந்த மனத்தாங்கலில் மேக்மில்லன் நீக்கிவிட்டார். 1967 டிசம்பரில் முதல் விமானம் வெளிக்கொணரப்பட்டபோது அமைச்சர் டோனி பென் அதைத் திரும்பச் சேர்த்தார். அந்த எழுத்து இங்கிலாந்தையும் ஐரோப்பாவையும் மேன்மையையும் குறிக்கும் என்று விளக்கம் சொன்னார். விமானத்தின் மூக்கு ஸ்காட்லாந்தில் செய்யப்படுகிறதே என்று ஒருவர் குறைப்பட்டு எழுத, ஸ்காட்லாந்தின் பிரெஞ்சுப் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது என்று பதிலளித்தார். ஓர் எழுத்துக்கு உரையாசிரியர்கள் இத்தனை பொருள் காணும் மரபில் வந்த எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் மருமகனின் இரண்டாவது கேள்வி இவற்றால் தீரவில்லை. 1969 பிப்ரவரி 9 அன்று, கான்கார்டுக்கு மூன்று வாரம் முன்னதாக, போயிங் 747 பறந்தது. மீயொலி விமானங்கள் வந்தபின் பயணிகள் இதில் ஏறமாட்டார்கள், சரக்கு ஏற்றத்தான் பயன்படும் என்றெண்ணி, மூக்கின் வழியே சரக்கு ஏற்றுவதற்காக விமானியறையை மேலே தூக்கி வைத்தார்கள். அதன் முதுகுத் திமில் அப்படி வந்தது. அந்தச் சரக்கு வண்டிதான் உலகத்தைச் சுமந்தது. ஏர் இந்தியாவும் இரண்டு கான்கார்டுகளுக்கு விருப்பப் பதிவு செய்து வைத்திருந்தது, பின்னர் கைவிட்டது. 747ஐ வாங்கியது. தன் நிலத்தின் மேல் மீயொலி வேகத்தில் பறக்கவும் இந்தியா இடம்தரவில்லை. லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூர் சென்ற கான்கார்டு சேவை 1980இல் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். வீடு நிலம் அடகுவைத்துக் கடல்கடந்து வேலைக்குப் போன நம்மவர் கோடிக்கணக்கானோரை ஏற்றிச்சென்றவை மெதுவாகப் பறந்த பெருவிமானங்களே.

கான்கார்டில் நூறு இருக்கைகள். பயன்பாட்டுக்கு வந்தவை பதினான்கே விமானங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏழு, ஏர் பிரான்ஸுக்கு ஏழு. இரண்டும் அரசு நிறுவனங்கள். பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. இரண்டும் 1973 ஜனவரி இறுதியில் விலகியபின் வேறெவரும் வாங்கவில்லை. விற்காமல் எஞ்சியவை பெயரளவிலான விலைக்குக் கைமாறின. 1984இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பராமரிப்புப் பொறுப்பை அரசிடமிருந்து ஏற்று, கட்டணத்தை உயர்த்தி இயக்கச் செலவுக்கு மேல் இலாபமும் கண்டது. ஆனால் ஆக்கச் செலவு கணக்கேட்டிலிருந்து முன்னரே துடைக்கப்பட்டிருந்தது. அதைக் கொடுத்தவர்கள் பிரிட்டனின் பேருந்து நடத்துநர்கள், பிரான்சின் பால்காரர்கள். அவர்களுள் கான்கார்டில் ஏறியவர் எத்தனை பேர்? 1990களின் இறுதியில் நியூயார்க் சென்றுவர ஏழெட்டாயிரம் டாலர் ஆகும். ஏறியவர்கள் வங்கியாளர்கள், பாடகர்கள், நடிகர்கள். வரிகொடுத்தவர்களுக்குக் கிடைத்தது நிமிர்ந்து பார்க்கும் உரிமை. விமான நிலையத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இரைச்சலும் சேர்ந்து கிடைத்தது.

அழகு எல்லோருக்கும் பொது என்று சிலர் வாதிடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலையும் இப்படித்தானே கட்டினார்கள் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கோயிலுக்குள் நான் நுழையமுடிகிறது என்று அவரிடம் சொன்னேன். நுழைய விடாமல் வைத்திருந்த காலமும் உண்டு என்று அவர் நினைவூட்டினார். அந்த உரையாடல் அத்தோடு நின்றுவிட்டது, இருவரிடமும் விடையில்லை.

2000 ஜூலை 25 அன்று பாரிஸில் ஓடுபாதையில் கிடந்த உலோகத் துண்டொன்று கான்கார்டின் சக்கரத்தைக் கிழித்தது. எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்து, கோனெஸ் என்ற ஊரில் ஒரு விடுதிமேல் விழுந்தது. 113 பேர் இறந்தனர். மீண்டும் பறந்தாலும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2003 அக்டோபர் 24 அன்று பயணிகளோடு கடைசியாகத் தரையிறங்கியது. இருபத்தேழு ஆண்டுகள்.

இப்போது மீண்டும் பேச்சு எழுந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் பூம் என்ற தனியார் நிறுவனத்தின் சோதனை விமானம் ஒலியைக் கடந்தது. அதே ஆண்டு ஜூனில், 1973 முதல் அந்நாட்டு நிலப்பரப்பின்மேல் நிலவிய மீயொலித் தடையை நீக்கும்படி அதிபரின் ஆணை பிறந்தது. அக்டோபரில் நாசாவின் எக்ஸ்-59 முதன்முதலாகப் பறந்தது. முழக்கத்தை மெல்லிய தட்டலாகக் குறைப்பது அதன் நோக்கம். அதை ஊர்களின் மேல் பறக்கவிட்டு மக்களின் கருத்தைக் கேட்கப்போவதாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஓக்லஹோமாவுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் கழித்து இன்னொருமுறை.

இம்முறை தனியார் பணம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆய்வு அரசினுடையது, வானம் அரசினுடையது, விதிகளைத் தளர்த்துவதும் அரசே. எந்த அரசும் கனவு காணக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காணட்டும். தொடங்கும் நாளிலேயே எந்த அடியில் நிறுத்துவோம் என்பதையும் எழுதிவைத்துக்கொண்டு தொடங்கட்டும். முப்பதடியில் பாறை வந்தால் யாரைக் கேட்பது, ஐம்பதடியில் ஈரம் தெரிந்தால் யார் அதை நீர் என்று ஒப்புக்கொள்வது, திண்ணையில் அமர்ந்து போதும் என்று சொல்பவரின் குரலுக்கு என்ன மதிப்பு என்பவையும் அந்த ஆவணத்தில் இருக்கட்டும். 1962ஆம் ஆண்டு லண்டனில் கையெழுத்திட்டவர்கள் அந்த ஒரு பக்கத்தை எழுதியிருந்தால் கான்கார்டு பறந்திருக்காமலே போயிருக்கலாம். அந்த இழப்பையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.